கண்ணின் வெள்ளை

வாசலில் நின்று குரல்கூடக் கொடுக்காமல் வாயுவா உள்ளே வந்தாள். கத்துங்கேயின் பிள்ளைகள் இரண்டும் அடுப்பருகே மக்காச்சோளமும் பயறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. வாயுவா தட்டுகளைப் பிடுங்கி வெளியே கொட்டினாள்.

பக்கத்து வீட்டுக்காரிதான். போன வாரம் மகனைப் புதைத்தவள்.

“மகுவேனி டவுனுலேருந்து மைக் வண்டி வந்துச்சே, கேட்டியாக்கா? பூசணம் புடிச்ச சோளம் விஷமாம். என் புள்ள முசெம்பிக்குக் கண்ணு மஞ்சளானது அதனாலதானாம். நான் பாவி, ஓரகத்தி சூனியம் வெச்சுட்டானு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.”



இந்த வருடம் திருட்டுக்குப் பயந்து ஊரில் எல்லா வீட்டிலும் சோளத்தை ஈரத்தோடு பறித்து, களஞ்சியத்தில் வைக்காமல் கட்டிலடியில் திணித்திருந்தார்கள். வாயுவாவின் மூட்டை முதலில் தீர்ந்தது. அப்போது ஒரு பேசின் நிறையச் சோளம் கொடுத்தது கத்துங்கேதான். உரலில் குத்தித் தோல் நீக்கியே கொடுத்தாள். பஞ்சத்தில் இப்படிக் கொடுக்க யாருக்கு மனசு வரும் என்று வாயுவா தண்ணீர் எடுக்கும் இடத்திலெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

“உன்மேல கோவம் இல்லக்கா. உனக்கு மட்டும் எப்படித் தெரியும்? ஒரே மூட்டை, உன் புள்ளைங்களும் அதைத்தானே தின்னுச்சுங்க. அதான் அடிச்சுப் பிடிச்சு ஓடியாந்தேன்.”

பெரியவளை வெளிச்சத்துக்கு இழுத்துப்போய்க் கீழிமையை விரலால் இறக்கினாள். வெள்ளை. சின்னவனுக்கும் பார்த்தாள். பளிச்சென்ற வெள்ளை.

அங்கேயே மண்ணில் உட்கார்ந்து வாயுவா அழுதாள். மகன் செத்த அன்றுகூட அவள் இப்படி அழவில்லை. சின்னவனை மடியில் போட்டுக்கொண்டு, இதுகளையாவது கடவுள் விட்டுவைத்தானே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கத்துங்கேக்கு அவளைத் தொடக்கூடக் கை வரவில்லை.

சோளம் கொடுத்த அன்று கத்துங்கே தன் மூட்டையை முறத்தில் கொட்டி, நல்ல மணிகளாகப் பார்த்துத் தன் பிள்ளைகளுக்குப் பொறுக்கி வைத்தாள். கறுத்ததும் பச்சை படிந்ததும் ஒரு பேசின் மிஞ்சியது. கொட்ட மனம் வரவில்லை. கொஞ்சம் கசக்கும், அவ்வளவுதானே என்று நினைத்தாள். பக்கத்து வீட்டில் இரண்டு நாளாக அடுப்பு எரியாதது நினைவுக்கு வந்தது.

குத்தித் தோலை எடுத்தபின் பார்க்க எல்லாம் நல்ல சோளமாகத்தான் இருந்தது.