ஒத்த ஸ்டார்

‘இந்தப் பதிப்பு இனி இயங்காது. ஆன்லைன் பதிப்புக்கு மாறவும்.’

கம்ப்யூட்டர் திரையில் வந்து நின்ற அந்த வாக்கியத்தை முத்துமீனா முறைத்துப் பார்த்தாள். நேற்று வரைக்கும் ஓடிய டிசைன் சாஃப்ட்வேர். மூடித் திறந்தாலும் அதே வாக்கியம்தான்.

மேலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவளுடைய பிளெக்ஸ் கடை. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சுடலை எழுந்து வந்தார். அவர் மனைவி முருகம்மாள் அன்று விடிகாலையில்தான் இறந்துபோயிருந்தாள்.

“சாயங்காலம் எடுக்குறாக தாயி. அதுக்குள்ள பேனர் ஆயிருமா?”

“வேற கடையில கேட்டீகளாய்யா?”

“முகூர்த்த நாளாம். எல்லாப் பயலும் கல்யாண வேலையில இருக்கான். நாளைக்கி வாங்கன்னுட்டாக. நாளைக்கி வச்சு நான் என்ன செய்ய?”

அவர் கொடுத்தது யாரோ வீட்டு விசேஷத்தில் எடுத்த குரூப் போட்டோ. ஓரத்தில், ஒரு தடித்த ஆளுக்குப் பின்னால் முருகம்மாளின் முகம் மட்டும் தெரிந்தது. முகத்தைப் பிரித்தெடுத்து, தோளும் சேலையும் வரைந்து சேர்க்கணும்.

“காது குத்து, சடங்குன்னு ஊரு முழுக்க பிளெக்ஸ் வைக்கிறாக. அவ மூஞ்சி ஒண்ணுலகூட வந்ததில்ல. இன்னைக்காச்சும் நாலு பேரு பாக்கட்டும்னுதான்...”



முத்துமீனா சாஃப்ட்வேர் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். பாட்டு ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. ஒருவழியாக ஒரு பெண் குரல்.

“வணக்கம் மேடம், நான் சரண்யாதேவி. உங்களுக்கு நான் எப்படி உதவலாம்?”

“என் சாஃப்ட்வேர் திறக்க மாட்டேங்குது. முழுக் காசு குடுத்து வாங்குனது. வாடகைக்கு எடுத்தது இல்ல.”

“பழைய வெர்ஷனை கம்பெனி நிறுத்திருச்சு மேடம். இனி மாசச் சந்தா கட்டி ஆன்லைன் வெர்ஷன்தான்.”

“அது என் சிஸ்டத்துல ஏறாது. ஏறுனாலும் நெட்டு போனா அதுவும் போச்சு. இங்க ஒரு மனுசன் பொண்டாட்டியப் பறிகொடுத்துட்டு வந்து நிக்கிறாரு. அவுகளைத் தூக்குறதுக்குள்ள பேனர் வேணும். நான் என்ன சொல்லி அனுப்ப?”

“உங்க சிரமம் புரியுது மேடம். புது வெர்ஷன்ல ஏ.ஐ. வசதி...”

முத்துமீனாவுக்கு வெடித்துவிட்டது.

“யாரு கேட்டா ஏ.ஐ.? தமிழ்ல ‘கொ’ன்னு அடிச்சா கொம்பு ஒரு பக்கம் போகுது, கால் ஒரு பக்கம் போகுது. அதைச் சரி பண்ணுங்கன்னு வருசக்கணக்கா எழுதுறேன். ஒருத்தன் காதுல வாங்கல. கேக்காததை மட்டும் மாசாமாசம் கொண்டாந்து கொட்டுறீக. செத்துப்போன அம்மா மூஞ்சிய அது தானா வரஞ்சு குடுத்தா, அது யாரு மூஞ்சி? சொல்லு!”

எதிர்முனையில் கீபோர்டு தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

“ஏம்மா, நான் கத்திக்கிட்டு இருக்கேன், நீ என்ன பண்ணிக்கிட்டு இருக்க?”

“மன்னிக்கணும் மேடம். கம்பெனி பாலிசில நான் சொல்றதுக்கு எதுவும் இல்ல. கம்ப்யூட்டரை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. வேற ஏதாவது உதவி வேணுமா?”

“ஆஃப் பண்ணி ஆன் பண்ணணுமா? என்னைக் கேனச்சின்னு நெனைச்சியா? வை போனை!”

வைத்த கையோடு மெசேஜ் வந்தது. ‘எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார் தருவீர்கள்?’

ஒரே ஒரு ஸ்டாரைக் குத்தினாள். கீழே, ‘ஈவு இரக்கம் இல்லாத கம்பெனி’ என்று அடித்து அனுப்பினாள்.

அந்தக் கோபத்திலேயே கம்ப்யூட்டரை அணைத்து, மறுபடி போட்டாள். சாஃப்ட்வேர் திறந்துகொண்டது.

“பாத்தீகளாய்யா! நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டதும் மேல எவனுக்கோ ஒறைச்சிருக்கு.”

முகத்தைப் பொறுமையாகப் பிரித்தெடுத்தாள். தோளை வரைந்தாள்.

“சேலை என்ன கலரு வைக்க?”

“பச்சை. அவளுக்குப் பச்சைன்னா உசுரு.”

மெஷினிலிருந்து பிளெக்ஸ் மெல்ல இறங்கி வந்தது. சுடலை கிட்டே போய் நின்றார். தொடப் போன கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“இம்புட்டுப் பெருசா அவளை நான் பாத்ததே இல்லையே தாயி.”

அடுத்த வாரம் கம்பெனியிலிருந்தே போன் வந்தது. இந்தத் தடவை ஆண் குரல்.

“மேடம், நான் சூப்பர்வைசர் பேசுறேன். நீங்க ஒரு ஸ்டார் குடுத்திருந்தீங்க. அது மேல நடவடிக்கை எடுத்தாச்சு.”

முத்துமீனாவுக்கு முகம் மலர்ந்தது. “பழைய வெர்ஷனை எல்லாருக்கும் திருப்பிக் குடுத்துட்டீகளா?”

“இல்ல மேடம். நிறுத்துனது நிறுத்துனதுதான். உங்ககிட்டப் பேசுன சரண்யாதேவியை வேலையை விட்டு எடுத்துட்டோம்.”

“அய்யய்யோ, அந்தப் பொண்ணுக்கா போட்டேன்? உங்க கம்பெனிக்குல்ல போட்டேன்!”

“கம்பெனிக்கு ஸ்டார் கிடையாது மேடம். போன்ல பேசுறவங்களுக்குத்தான்.”

முத்துமீனா திரையைப் பார்த்தாள். சாஃப்ட்வேர் திறந்தே இருந்தது.

“நிறுத்திட்டீகன்னா, என் சிஸ்டத்துல மட்டும் எப்படி ஓடுது?”

“அதுக்குத்தான் மேடம் எடுத்தோம். ஸ்டார் கொறஞ்சதாலதான் அந்தக் கால் ரெக்கார்டிங்கை எடுத்துக் கேட்டோம், இல்லேன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. நீங்க திட்டிக்கிட்டு இருக்கும்போதே, யாருகிட்டயும் கேக்காம, உங்களுக்கு அதைத் திறந்துவிட்டது அவங்கதான்.”