முகம் பார்க்காத நியாயம்

'தன்னைச் சேர்ந்தவர்களுக்குச் சலுகை காட்டுவதும் அறமே' என்று யாரோ எழுதிய கட்டுரை, எழுதியவர் பெயரை மறைத்து, ஓர் ஆய்விதழிலிருந்து பேராசிரியரின் மதிப்பீட்டுக்கு வந்திருந்தது. அறவியலில் பழம் தின்று கொட்டை போட்ட அவர், அதைப் பிரித்து மேய்ந்துவிட்டார்.

"ஒரே வழவழா கொழகொழா. வாழ்க்கையிலிருந்து ஓர் உதாரணம்கூட இல்லை. நியாயம் முகம் பார்க்காது. பெற்ற பிள்ளையே ஆனாலும் சலுகை கிடையாது. நிராகரிக்கலாம்" என்று தட்டி, இதழாசிரியருக்கு அனுப்பிவைத்தார்.

மறுநாள் மாலை அவர் வீடு திரும்பியபோது, அதே பாடத்தை வேறொரு கல்லூரியில் நடத்தும் மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அடுப்பு பற்றவைக்கப்படவே இல்லை.

"என் கட்டுரையைத் தூக்கிப் போட்டுட்டாங்க. பேர் தெரியாத எவனோ ஒருத்தன் வழவழா கொழகொழான்னு எழுதியிருக்கான். இதை நம்பித்தானே பதவி உயர்வுக்குக் காத்துக்கிட்டு இருந்தேன்!"

பேராசிரியர் அவசரமாகக் கைபேசியை எடுத்தார். "அவன் கிடக்கான், விடு" என்று சொல்லிவிட்டு, பால்கனிக்கு நழுவி இதழாசிரியரைக் கூப்பிட்டார்.

"சார், அந்தக் கட்டுரையை இன்னொரு தடவை படிச்சேன். அடடா, என்ன ஆழம்! யோசிக்காம போட்டுடுங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், கதவருகே மனைவி. கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

"வழவழா கொழகொழான்னு இந்த உலகத்துல வேற யாருங்க எழுதுவா? அது போகட்டும். வாழ்க்கையிலிருந்து ஒரு உதாரணம்கூட இல்லைன்னு குறை சொல்லியிருந்தீங்களே..."

மடிக்கணினியைத் திறந்தாள்.

"இப்ப ஒண்ணு கிடைச்சிருக்கு."