முதல் வெள்ளிக்கிழமை

"மதியத்துக்கு மேல நான் செத்துட்டேன். யாரும் பேஜர் அடிக்கக் கூடாது, சரியா?" கார்த்திகேசு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

"கருமாதிக்கு வந்தா சாப்பிட கறிபாப் உண்டா, பாஸ்?" என்றான் சாத்தப்பன்.

"உன் காசுல வாங்கித் தின்னுலா!"

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்ன பேச்சு இது?" என்றாள் குணேஸ்வரி. அவள் அவருடைய மனைவி; ஆபீஸில் அவருக்குக் கீழே புரோகிராமர்.

பிரிக்பீல்ட்ஸ் கடைவீட்டு மாடியில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனியில் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை இப்படித்தான். தான் இல்லாமலும் வேலை நடக்கிறதா என்று பார்க்க, மோட்டார் சைக்கிளில் எங்காவது போய்விடுவார்.

மூன்று மணிக்குக் கிள்ளானிலிருந்து போன். மருத்துவமனை லேப் இராமலிங்கம் பதறினார்.

"அக்கா, அபூர்வ குரூப் ரத்தம் வேணும். யார்கிட்ட இருக்குன்னு தேடினா உங்க சிஸ்டம் அப்படியே நின்னுடுது. கேஸ் தாங்காது!"

அந்தப் புரோகிராமில் தேடும் பகுதியை எழுதியவர் கார்த்திகேசு. வேறு யாரும் அதைத் திறந்ததுகூட இல்லை.

"பாஸைக் கூப்பிடுவோம்க்கா. உசுரு விஷயம்," என்றான் சாத்தப்பன்.

"அவர் பேஜரைப் பார்த்து, பூத் தேடிப் போன் போடறதுக்குள்ள நாமே பார்த்துடலாம். திற."

திறந்தார்கள். எங்கும் புதிர் இல்லை. எது எதற்கு என்று ஒவ்வொரு வரியும் தானே சொன்னது. அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நிதானமாக விளக்குவது போலிருந்தது.

"எவ்வளவு சுத்தமா எழுதியிருக்காரு!" சாத்தப்பனின் குரல் தாழ்ந்துவிட்டது.

கோளாறு சின்னதுதான். கொடையாளர் கூடிப்போய் பெயர்களுக்கு ஒதுக்கிய இடம் போதவில்லை. கூட்டினார்கள். மோடம் வழியாகக் கிள்ளானுக்கு அனுப்பினார்கள்.

"ஆள் கிடைச்சாச்சு! பக்கத்துல காப்பார்லதான்!" இராமலிங்கம் போனிலேயே கத்தினார்.

"உங்க பாஸ் ஆறு மணிக்கு உயிரோட வருவாருல்ல, அப்ப சொல்லுவோம்," என்று சிரித்தாள் குணேஸ்வரி. "நம்பவே மாட்டார்."

ஐந்தரைக்கு மறுபடி இராமலிங்கம். "ரத்தம் ஏறுதுக்கா. ஆள் கண் முழிச்சிட்டாரு. ஹைவேல லோரி மோதின கேஸ். பேரைக் கேட்டா சொல்லல. 'ஆபீஸ்ல யாரும் எனக்குப் பேஜர் அடிக்கலையே'ன்னு மட்டும் கேக்கறாரு. என்ன ஆபீஸோ, பாவம்!"

கார்த்திகேசு மருத்துவமனையில் சில நாள் குணேஸ்வரியோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு இறந்துபோனார். இப்போது அவள் வைத்திருக்கும் அவருடைய பேஜர், முதல் வெள்ளிக்கிழமைகளில் இன்றும் அடிப்பதில்லை.