மூடிய முகப்பு

கண்டி நகரில் மர்சூக் ஹாஜியாரின் புடவைக்கடையை இடித்துக் கட்ட கட்டடக் கலைஞர் லோஜினி வரைந்த பிளானை, மரபுரிமைக் குழு மூன்று தடவை திருப்பி அனுப்பிவிட்டது. காரணம் ஒன்றேதான்: "தெருவின் பழமைக்குப் பொருந்தவில்லை."

எரிச்சலோடு அந்தத் தெருவின் பழைய படங்களைத் தேடிப் பிடித்து, வளைவு ஜன்னல்களும் மரக் கிராதியும் வைத்து மறுபடி வரைந்தாள். அனுமதி கிடைத்தது.

வேலை தொடங்கிய அன்று, கடை முகப்பை மூடியிருந்த அலுமினியத் தகடுகளைக் கழற்றினார்கள். உள்ளே அதே வளைவு ஜன்னல்கள். அதே மரக் கிராதி.

"இது இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா ஹாஜியார்? ஒரு வருஷமா நாயா அலைஞ்சேனே!"

"வாப்பா காலத்துப் பழசு மிஸ். வெக்கமா இரிந்திச்சி, அதான் மூடினேன். நீங்க யோசிக்க வாணாம். இத ஒடச்சிட்டு, நீங்க கீறினத அப்படியே புதுசாக் கட்டுவோம்."