காலர் பாடம்

“திருடனை விட்டுட்டு, அவன் நடந்துபோன தெரு மேல கேஸ் போட்டவ உலகத்துலயே நீ ஒருத்திதான்” என்றார் தையல் டீச்சரின் கணவர், கோர்ட் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியபடி.

வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து இதே பாட்டுதான்.

சட்டைக்குக் காலர் வைப்பதில் டீச்சரை அடிக்க ஆளில்லை. அந்தப் பாடத்தை வீடியோ எடுத்து, பணம் கட்டிச் சேருகிறவர்களுக்கு மட்டும் காட்டிப் பிழைப்பு நடத்தி வந்தாள். எவனோ ஒரு புண்ணியவான் அதை அப்படியே தூக்கி, ஊர் உலகம் பார்க்கிற வீடியோ தளத்தில் ஓசியில் போட்டுவிட்டான். ஓசியில் கிடைப்பதற்கு யார் காசு கொடுப்பார்கள்? வகுப்பு காற்று வாங்கியது.

புகார் கொடுத்தால் தளத்துக் கம்பெனி எடுத்துவிடும். அதில் குறையே சொல்ல முடியாது. மறுநாள் வேறு பெயரில் முளைத்திருக்கும். களை பிடுங்கிக் கை ஓய்ந்துபோய்த்தான் கம்பெனி மேலேயே கேஸ் போட்டாள். இதில் தோற்றால் வகுப்பை இழுத்து மூடவேண்டியதுதான்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். பார்த்தால் நல்ல மனுஷனாகத்தான் தெரிந்தார். டீச்சருக்கு அதுதான் பயம். லட்சக்கணக்கில் வீடியோ வந்து விழுகிறது, நாங்கள் வெறும் சுவர், போஸ்டர் ஒட்டுகிறவன் எவனோ என்று குழைவாக எடுத்துச் சொன்னார்.

“எதுக்குள்ள என்ன இருக்குன்னு எங்களுக்கு எப்படி மேடம் தெரியும்? யாராவது வந்து சொன்னாத்தான் தெரியும்.”

நீதிபதியம்மா தலையாட்டினார். டீச்சரின் கணவரும் கூடவே தலையாட்டினார். டீச்சர் அவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

அத்தோடு வக்கீல் உட்கார்ந்திருக்கலாம். தவளைக்கு வாய் சும்மா இருக்குமா? நேற்று புதிதாக முளைத்த வீடியோவை இங்கேயே போட்டுக் காட்டுகிறேன், இது டீச்சருடையது என்று ஒரு அடையாளமாவது இருக்கிறதா பாருங்கள் என்றார். கோர்ட் குமாஸ்தாவின் கம்ப்யூட்டரில் போட்டார்கள்.

முதலில் வந்தது தையல் மெஷின் விளம்பரம்.

வக்கீல் திருதிருவென்று முழித்தார். பாவம், கம்பெனிக்காரர்களுக்கு விளம்பரமே வராதபடி தனிச் சலுகை உண்டு. வெளியாள் பார்த்தால் விளம்பரம் வரும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

“தற்செயல், மேடம்.”

பாடம் ஓடியது. ‘இப்ப காலர் விறைப்பா நிக்க உள்ள கேன்வாஸ் வைக்கணும்’ என்று திரையில் டீச்சரின் குரல் சொல்லி முடிக்கவில்லை, காலர் கேன்வாஸ் விளம்பரம் வந்து நின்றது.

நீதிபதியம்மா குமாஸ்தா பக்கம் திரும்பி, உங்களுக்குத் தையல் பழக்கம் உண்டா என்று கேட்டார். சட்டையில் பட்டன் போன இடத்தில் ஊக்கு குத்தியிருந்த குமாஸ்தா உதட்டைப் பிதுக்கினார்.

“அது கம்ப்யூட்டர் மெஷின் வீடியோவைத் தானா பார்த்துப் போடறது மேடம். நாங்க இல்லை” என்றார் வக்கீல்.

“மெஷின் யாரோடது?”

வக்கீல் கேஸ் கட்டைப் புரட்டினார். நீதிபதியம்மா விடவில்லை.

“விளம்பரம் விக்கும்போது உள்ள இருக்கறது ஊசிமுனை வரைக்கும் தெரியுது. திருட்டுன்னு வந்தா மட்டும் மாலைக்கண்ணா, வக்கீல் சார்?”

டீச்சரின் கணவர் தொடையைத் தடவிக்கொண்டே மனைவியின் காதோரம் குனிந்தார்.

“வெறும் தெருன்னுல்ல நினைச்சேன். இது திருடன்கிட்ட பங்கு வாங்கற தெருவா இருக்கேடி.”