சலோமிக்கு ஒரு ஆள் வேண்டும்

“அடுத்த ஞாயிறு, ஒவ்வொருவரும் அக்கம்பக்கத்தில் ஒருவரையாவது ஆலயத்துக்கு அழைத்து வர வேண்டும்” என்று பாஸ்டர் சொன்னாலும் சொன்னார், சலோமிக்குச் சோறு இறங்கவில்லை.

ஆரணியில் அவர்கள் குடியிருந்தது நெசவாளர் தெரு. தெரு முழுக்கத் தறிச் சத்தம். கிறிஸ்தவக் குடும்பம் இவர்களுடையது ஒன்றுதான்.

“பேசாம இரு” என்றான் கணவன் இம்மானுவேல். “நமக்கு முன்னாடி இங்க குடியிருந்தவரு, ‘உங்க சாமியெல்லாம் சாமியே இல்ல’ன்னு வீடு வீடா நோட்டீஸ் குடுத்தாராம். தெருவே அவர்கிட்ட பேச்சை நிறுத்திடுச்சு. ரேணுகாம்பாள் அக்காவும் பேசலைன்னா, அப்புறம் நீ சுவத்தோடதான் பேசணும்.”

சலோமியின் பயமும் அதுதான். பக்கத்து வீட்டு ரேணுகாம்பாள் அவளுக்குக் கூடப் பிறக்காத அக்கா. காய்ச்சல் என்றால் கேட்காமலே கஞ்சி வரும். அந்த உறவு கெட்டுவிடக் கூடாதே என்று, மூன்று வருடம் முன்பு குடிவந்த நாளிலிருந்து சாமிப் பேச்சு என்றாலே சலோமி வாயைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. சனிக்கிழமை காலை போனாள், கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு திரும்பினாள். மத்தியானம் போய் உறைமோர் வாங்கி வந்தாள். சாயங்காலம் மறுபடி போய் நின்றாள்.

ராட்டையில் பட்டுநூல் சுற்றிக்கொண்டிருந்த ரேணுகாம்பாள் நிமிர்ந்தாள். “கறிவேப்பில கேட்ட, மோரு கேட்ட. இப்ப இன்னா, அடுப்பையே தூக்கினு போறியா?”

சலோமி திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி முழித்தாள்.

“ஜல்தி சொல்லுடி. எனக்கு வேலை கெடக்குது.”

“நாளைக்கு... எங்க சர்ச்சுக்கு... நீங்க வரீங்களாக்கா?”

ராட்டை நின்றது.

“தப்பா எடுத்துக்காதீங்கக்கா” என்று கடகடவெனக் கொட்டினாள் சலோமி. “பாஸ்டர் யாரையாவது கூட்டினு வரச் சொன்னாரு, அது நெஜம்தான். ஆனா அதுக்காக மட்டும் இல்ல. உங்களை மாத்தணும்னும் இல்ல. எனக்குக் கொழந்த தங்காம போச்சே, அப்ப அங்க போய்த்தான் அழுதேன். ஏசப்பா பக்கத்துல உக்காந்து கேட்டுகினு இருந்த மாதிரி இருந்துச்சு. அந்த எடத்தை உங்களுக்குக் காட்டணும்னு ரொம்ப நாளா ஆசை. இஷ்டமில்லன்னா விட்டுடுங்க. நாம எப்பவும் போல இருப்போம்.”

ரேணுகாம்பாள் முகம் சிவக்க, விருட்டென்று எழுந்து உள்ளே போனாள். பீரோ கதவு படாரென்றது. கணவர் பரசுராமனிடம் ஏதோ சொன்னாள். டி.வி. சத்தம் நின்றுபோயிற்று.

‘போச்சு!’ சலோமிக்குக் கண் கலங்கிவிட்டது.

திரும்பி வந்த ரேணுகாம்பாளின் தோளில் ஒரு அரக்குப் பட்டுப்புடவை.

“உங்க கோயிலுக்கு இதைக் கட்டினு வரலாமா? பொட்டு வச்சுகினா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?”

“அக்கா... கோவமில்லையா?”

“கோவமில்லாம? மூணு வருசமா இருக்குது!” ரேணுகாம்பாளின் குரல் உடைந்தது. “கண்ணமங்கலத்துல எம் பொண்ணு வளைகாப்பு, இவரு தங்கச்சி பையன் காதுகுத்து, எல்லாத்துக்கும் உன்னைக் கூப்டேன். ஆடிக் கூழுக்குக்கூட, சாமிக்குப் படைக்கறதுக்கு முன்னாடியே உனக்குன்னு ஒரு சொம்பு எடுத்து வச்சுட்டுதான் கூப்டேன். உன் சாமி வூட்டுக்கு ஒரு வாட்டியாவது என்னை ‘வா’ன்னியாடி நீ?”