குழாய் இல்லாத நாசி

"உனக்குத் தொண்டை சரியாகுற வரைக்கும் எனக்கும் கஞ்சிதான், அமலி." அமலோற்பவத்தின் கழுத்துக்குக் கதிர்வீச்சு தொடங்கிய அன்றே அவள் கணவர் தொம்மை சத்தியம் செய்திருந்தார். ஐந்து வாரமாக அவளும் அதை நம்பினாள். இன்று மத்தியானம், அவள் மூக்கில் போட்டிருந்த குழாயில் அவர் கஞ்சித் தண்ணீரை ஊற்றும்போது அவர் விரல்கள் மணத்தன. வெடுக்கென்று அந்தக் கையைப் பிடித்துக் குழாய் இல்லாத நாசியில் வைத்துக்கொண்டாள். நெத்திலி. மாங்காய். தேங்காயோடு அரைத்த சின்ன வெங்காயம். சாட்சாத் அவளுடைய குழம்பு.

பேச முடியாததால் சிலேட்டில் எழுதினாள்: "யார் வச்சது?"

தொம்மை தலையைக் குனிந்துகொண்டார். "நான்தான். நாக்கு கேக்க மாட்டேன்னுடுச்சு."

சத்தியத்தை மீறியதை அவள் அப்போதே மன்னித்துவிட்டாள். ஆனால் வெந்நீர்கூட வைக்கத் தெரியாதென்று சொல்லி, முப்பத்தோரு வருடம் அடுப்படியில் ஒரு கரண்டியைத் தொடாத மனிதர் இவர். பிள்ளை பெற்ற பதினோராம் நாளே அவளை எழுப்பி உலை வைக்கச் சொன்னவர்.

"எப்பக் கத்துக்கிட்டீங்க?" என்று எழுதிக் காட்டினாள்.

"கத்துக்க என்ன இருக்கு? இத்தன வருஷமா நீ வைக்கிறதப் பாத்துக்கிட்டுதான இருந்தேன்."

சிலேட்டை அழித்தாள். அவர் கையை மறுபடி இழுத்து, கண்ணை மூடி, ஒவ்வொரு விரலாக முகர்ந்தாள். வெந்தயம் கருகியிருக்கிறதா, மசாலாவில் பச்சை வாடை இருக்கிறதா என்று தேடித் தேடிப் பார்த்தாள். சிலேட்டில் எழுத ஒரு குறைகூடக் கிடைக்கவில்லை.